டிக்கி வச்ச காரா, உசரமான காரா?

இந்த முறை கவாத்து, உரம், கொழுந்து விலை எதுவும் இல்லை. கார் கதை. குந்தா பக்கம் நம்மை மாதிரி ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் தேயிலை வச்சிருக்கிறவங்க வீட்டில் கார் வாங்குறது சின்ன முடிவு இல்லை. ரெண்டு மாசம் வீட்டில் இதே பேச்சாகத்தான் ஓடியது. இதே குழப்பத்தில் இருக்கிறவங்களுக்கு உதவட்டும்னு நாங்க போட்ட கணக்கை அப்படியே எழுதுறேன்.

எங்க வீட்டு ஆம்னிக்குப் பதினெட்டு வயது. பதினைந்து முடிஞ்சப்போ எப்.சி. காட்டி அஞ்சு வருஷம் நீட்டினோம். இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. ஆம்னி 2019லேயே கம்பெனியில் நின்னுபோன வண்டி. ஆனா மலைக்கு அது செஞ்ச வேலையை இன்னைக்கு வர்ற எந்தப் புது வண்டியும் செய்யாது. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், ஓட்டம் பின் சக்கரத்தில். பின்னாடி நாலு மூட்டை ஏத்தினா பின் சக்கரம் இன்னும் நல்லா மண்ணைப் பிடிச்சு மேடு ஏறும். உர மூட்டை, கேரட் மூட்டை, கவாத்து மெஷின், ஒரு முறை கன்னுக்குட்டி எல்லாம் அதில்தான் வந்தது. வீட்டு ஆட்களும் அதில்தான் போனோம். அதுதான் பிரச்சினையே.

அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயது. ரெண்டு முட்டியும் தேய்ஞ்சிருக்கு. ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மஞ்சூரிலிருந்து கெத்தை, வெள்ளியங்காடு, காரமடை வழியா இறங்கினா கோவை கிட்ட. ஆனா அந்த ரோட்டில் 43 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் மின்வாரியத்தின் பவர்ஹவுஸ் பள்ளத்தாக்கு. 1950களின் கடைசியில் கனடா நாட்டு உதவியோட குந்தா மின்திட்டம் வந்தப்போ இந்த மலை முழுக்க வேலை நடந்தது. இன்னைக்கும் கெத்தை, பரளி, பில்லூர்னு அணைக்கட்டும் பவர்ஹவுஸும் வரிசையா இருக்கு. யானை குறுக்கே நின்னா பஸ்ஸே அரை மணி நேரம் காத்திருக்கிற ரோடு அது. அதில் ஆம்னியில் குலுங்கிக்கிட்டு அம்மா இறங்குறதைப் பார்த்துத்தான் கார் வாங்கலாம்னு முடிவு பண்ணினோம்.

புது வண்டி நமக்கு எட்டாது. 2025 செப்டம்பர் 22ல் இருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமா இறங்கினது உண்மைதான். அப்படியும் ஆன்ரோடு விலை நம்ம கொழுந்துக் கணக்குக்கு மேல. அதனால ஆறு லட்சத்துக்குள்ள செகண்ட் ஹேண்ட். சல்லடை போட்டுச் சலிச்சதில் கடைசியா ரெண்டு வண்டி நின்னது. ஒண்ணு மாருதி சியாஸ், டிக்கி வச்ச செடான். இன்னொண்ணு மாருதி எஸ்-கிராஸ், பின்கதவு தூக்குற, கொஞ்சம் உசந்த வேகன் மாதிரி வண்டி.

வேகன்னு சொன்னதும் எங்க மஞ்சூர் டீக்கடையில் ஒருத்தர், "வேகன்ஆர் எடுக்கிறியா? நல்ல வண்டிதான்"னு சொல்லிட்டார். நம்ம ஊரில் வேகன்னா 1999ல் வந்த அந்த வேகன்ஆர் மட்டும்தான். வெளிநாட்டில் வேகன்னா வேற. செடான் காரின் கூரையை அப்படியே டிக்கி முடியுற வரைக்கும் நீட்டி, பின்னாடி ஒரு கதவு வச்சா அது வேகன். ஐரோப்பாவில் குடும்பக்காரங்க வண்டி அதுதான். 1990களின் நடுவில் சுபாரு கம்பெனி தன்னோட லெகசி வேகனைக் கொஞ்சம் உயர்த்தி, 'அவுட்பேக்'னு பேர் வச்சு அமெரிக்காவில் வித்தது. வேகனும் ஜீப்பும் கலந்த இந்த வகைக்கு அது ஒரு முன்னோடி.

இங்கே வேகன் ஓடவே இல்லை. டாடா 1992ல் எஸ்டேட்னு ஒண்ணு விட்டாங்க. 2004ல் இண்டிகோ மரீனா. ரெண்டுமே மெல்ல மறைஞ்சுபோச்சு. நம்ம ஆட்களுக்குப் பின்பக்கம் நீண்ட கார்னா ஆம்புலன்ஸ் ஞாபகம் வரும். அதே உடம்பைக் கொஞ்சம் தூக்கி வச்சு, சக்கரத்தைச் சுத்திக் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டி, எஸ்.யூ.வி.ன்னு பேர் சொன்னா ஜனங்க வாங்குறாங்க.

இந்த ரெண்டு வண்டிக்கும் ஒரு சொந்தம் உண்டு. வெளிநாட்டில் சுசுகி 2006ல் எஸ்எக்ஸ்4ன்னு ஒரு வண்டி விட்டது. அங்கே அது முக்கியமா பின்கதவு தூக்குற, கொஞ்சம் உசந்த வண்டி. இந்தியாவுக்கு 2007ல் அதே பேரில் வந்தது செடான். நம்ம ஊருக்கு டிக்கி இருந்தால்தான் காருங்கிறது கம்பெனிக்கே தெரிஞ்சிருந்தது. அப்புறம் 2014ல் அந்தச் செடான் இருந்த இடத்துக்கு சியாஸ் வந்தது. 2015ல் எஸ்எக்ஸ்4 பரம்பரையிலேயே எஸ்-கிராஸ் வந்தது. அண்ணன் தம்பி மாதிரி. எஸ்-கிராஸ் 2022லும் சியாஸ் 2025லும் நின்னுபோச்சு.

ரெண்டிலும் இருக்கிறது அதே 1.3 டீசல் இன்ஜின். பியட் கொடுத்த இன்ஜின். ஸ்விப்ட், டிசையர், விஸ்டா, புண்டோ எல்லாத்திலும் இதுதான் ஓடியது. குன்னூர், மேட்டுப்பாளையம் எங்கே நிறுத்தினாலும் இதைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக் உண்டு. எஸ்-கிராஸில் 1.6 டீசல்னு ஒண்ணு வந்தது, 120 குதிரை சக்தி, மலைக்கு நல்ல இழுவை. ஆனா கொஞ்ச வண்டிதான் வித்திருக்கு, சாமான் தேடி அலையணும்னு மெக்கானிக் அண்ணன் வேண்டாம்னுட்டார்.

பெட்ரோல் ஏன் பார்க்கலைன்னு கேப்பீங்க. நாங்க இருக்கிறது ஆறாயிரம் அடிக்கு மேல. இந்த உயரத்தில் காற்றோட அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்த அளவுக்குக் காற்று கிடைக்காம சக்தி இழக்கும். டர்போ வச்ச டீசல் காற்றை அமுக்கித் திணிச்சுக்கும், அதனால நஷ்டம் கம்மி. ஆனா சின்ன டர்போ டீசல் எல்லாத்துக்கும் ஒரு குணம் இருக்கு. இன்ஜின் சுத்து ரெண்டாயிரத்துக்குக் கீழ போனா தூங்கிடும். கொண்டை ஊசியில் ரெண்டாவது கியரில் சோம்பலா திரும்பினா நடுவளைவில் நின்னுடும். முதல் கியர் போட்டு ஏறணும். ரெண்டு வண்டிக்கும் இது பொது, அதனால இதை வச்சு எதையும் தீர்மானிக்க முடியலை.

அப்போ வித்தியாசம் எங்கே? ஊரில் எல்லாரும் சொன்ன பதில் ஒண்ணுதான். "நம்ம ரோட்டுக்கு செடான் ஆகாது, அடி தட்டும். உசந்த வண்டி எடு." என் மச்சினன் மட்டும் செடான் கட்சி. குன்னூரில் சியாஸ்தான் வச்சிருக்கான். "மாமா, ஒரு தடவை இதில் கோயமுத்தூர் போயிட்டு வந்து சொல்லுங்க"ன்னான்.

என் வீட்டுக்காரம்மாவும் செடான் கட்சிதான். அவங்க காரணத்தைச் சொல்லியே ஆகணும். "இருபது வருஷமா எந்த விசேஷத்துக்குப் போனாலும் உர வாசனையோடதாங்க போய் இறங்கறேன். பட்டுச் சேலையில் புண்ணாக்கு வாசனை. மூட்டை தனி, மனுஷன் தனின்னு இருக்கிற வண்டி ஒண்ணு வாங்குங்க." இதை யாரும் ஆடம்பரம்னு சொல்ல முடியாது. செடானில் டிக்கி ஒரு தனி அறை. உள்ளே பூண்டு இருந்தாலும் கருவாடு இருந்தாலும் சீட்டுக்கு வாசனை அவ்வளவா வராது. வேகனில் பின்னாடி இருக்கிறதும் நாமும் ஒரே அறைக்குள்ள. இடமும் செடானில்தான் அதிகம். சியாஸ் டிக்கி 510 லிட்டர், எஸ்-கிராஸ் 353 லிட்டர். பின் சீட்டை மடக்கினா எஸ்-கிராஸில் உசரமான சாமான் ஏத்தலாம், ஆனா மடக்கினா ஆள் எங்கே உக்காருறது?

வாய் வார்த்தையை விட்டுட்டு இஞ்ச் டேப் எடுத்தேன்.

கம்பெனி கணக்கில் தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவில் சியாஸுக்கு 170 மில்லிமீட்டர், எஸ்-கிராஸுக்கு 180. பத்து மில்லிமீட்டர்தாங்க வித்தியாசம். ஒரு சுண்டுவிரல் கனம்கூட இல்லை. இதுக்கா இவ்வளவு பேச்சு? அதுவும் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஆள் ஏறாத வெறும் வண்டியில் அளந்தது. வரிக்கே இது ஒரு சண்டையா இருந்தது. நாலு மீட்டருக்கு மேல நீளம், 1500 சி.சி.க்கு மேல இன்ஜின், 170 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரம் இருந்தா கூடுதல் செஸ்ஸுன்னு ஒரு விதி இருந்தது. அந்த உயரத்தை வெறும் வண்டியில் அளக்கணுமா, ஆள் ஏறின வண்டியிலான்னு கேள்வி வந்து, 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் வெறும் வண்டியில்தான்னு தெளிவு பண்ணினாங்க. நமக்கு வேண்டியது அஞ்சு பேரும் ரெண்டு மூட்டையும் ஏறின பிறகு மிஞ்சுற உயரம்.

ஒரு ஞாயித்துக்கிழமை மச்சினன் சியாஸைக் கொண்டு வந்தான். எமரால்டு பக்கம் வாத்தியாரா இருக்கிற நண்பர் தன்னோட எஸ்-கிராஸைக் கொண்டு வந்தார். எங்க வீட்டுக்கு மெயின் ரோட்டிலிருந்து நூத்தம்பது அடி இறக்கம். அதன் வாயில் மழைத்தண்ணி ஓடுற ஒரு கான்கிரீட் வாய்க்கால். நம்ம மலையில் பாதி வீடு இப்படித்தான் இருக்கும். வெறும் வண்டியில் ஒரு தடவை, ஆள் ஏத்தி ஒரு தடவைன்னு டேப் வச்சு அளந்தோம். ஆள் ஏறினதும் ரெண்டுமே பின்பக்கம் ரெண்டு விரல் கிட்ட இறங்கியது. அந்தப் பத்து மில்லிமீட்டர் லாபம் அதில் எங்கே போச்சுன்னே தெரியலை.

ஆனா வாய்க்கால் தாண்டும்போது ஒரு வித்தியாசம் தெரிஞ்சது. சியாஸ் நீளம் 4490 மில்லிமீட்டர், ரெண்டு சக்கரத்துக்கு நடுவில் 2650. எஸ்-கிராஸ் நீளம் 4300, சக்கரத்துக்கு நடுவில் 2600. கழிச்சுப் பாருங்க. சக்கரத்துக்கு வெளியே முன்னாடியும் பின்னாடியும் நீட்டிக்கிட்டிருக்கிற மூக்கும் வாலும் சேர்ந்து சியாஸுக்கு 1840, எஸ்-கிராஸுக்கு 1700. பதினாலு சென்டிமீட்டர் கம்மி. ரோட்டிலிருந்து சட்டுனு இறக்கத்தில் திரும்பும்போது தட்டுறது வயிறு இல்லீங்க, மூக்கும் வாலும்தான். எஸ்-கிராஸ் நேரா இறங்கியது. சியாஸைக் கோணலா திருப்பி, ஒவ்வொரு சக்கரமா இறக்கினான் மச்சினன். தட்டலை. ஆனா ராத்திரி மழையில், எதிரில் பஸ் வெளிச்சத்தில், தினமும் அப்படிக் கோணலா இறக்கணும்.

இன்னொரு விஷயம். பார்க்க ஜீப் மாதிரி இருக்கேன்னு எஸ்-கிராஸை நாலு சக்கர ஓட்டம்னு நினைச்சிடாதீங்க. வெளிநாட்டில் அப்படி வந்தது. இங்கே வித்ததெல்லாம் முன் சக்கர ஓட்டம் மட்டும்தான், சியாஸ் மாதிரியே. முன் சக்கரம் இழுக்குற வண்டியில் பின்னாடி பாரம் ஏத்தி ஈர மேட்டில் ஏறினா, எடை பின்னாடி சாய்ஞ்சு முன் சக்கரம் லேசாகும். பாசி பிடிச்ச கான்கிரீட்டில் வழுக்கிச் சுத்தும். ஆம்னிக்கு நேர் எதிர். அதனால எந்தக் கட்சி கார் எடுத்தாலும் தோட்டத்துக்குள்ள மூட்டை ஏத்துற வேலைக்கு அது ஆகாது. "பார்க்க உசரமா இருக்கே"ன்னு 2019 ஆகஸ்ட் மாதிரி மழையில் இறக்கிடாதீங்க. அந்த மாசம் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டினது ஞாபகம் இருக்கும். மண் சரிஞ்ச ரோட்டில் உண்மையான ஜீப்பே யோசிச்சுத்தான் போச்சு.

வளைவில் செடான்தான் சுகம். தாழ்வா உக்காந்திருக்கிறதால அதிகம் சாயாது. பின் சீட்டில் இருக்கிற என் பொண்ணு ரெண்டு வண்டியிலும் கைக்காட்டி வரைக்கும் போயிட்டு வந்து, "மாமா காரில் வாந்தி வர மாதிரி இல்லைப்பா"ன்னா. எஸ்-கிராஸ் ரொம்ப மோசம்னு சொல்ல முடியாது. பெரிய எஸ்.யூ.வி. அளவுக்கு ஆடாது. ஆனா மார்க் போட்டா செடானுக்கு ஒரு மார்க் கூட. மிஸ்ட் இறங்கின சாயங்காலத்தில் வாத்தியார் வண்டிக்கு ஒரு மார்க். பின் கண்ணாடியில் வைப்பர் இருக்கு. ரிவர்ஸ் எடுத்து பஸ்ஸுக்கு வழி விடுறது நம்ம ரோட்டில் தினப்படி வேலை, பின்னாடி பள்ளம் எங்கேன்னு தெரியணும்.

இதுவரைக்கும் ரெண்டும் சமம்தான்னு வச்சுக்கலாம். வீட்டுக்காரம்மா மனசு செடான் பக்கம். என் மனசும் பாதி அந்தப் பக்கம் போயிட்டிருந்தது, விலையும் சியாஸ் கொஞ்சம் கம்மியா கிடைச்சது.

அப்புறம்தான் அம்மாவை உக்கார வச்சுப் பார்த்தோம். முதலில் சியாஸ். கதவைத் திறந்து, தலையைக் குனிஞ்சு, இடுப்பைக் கீழே விட்டு, தொப்புனு உக்காந்தாங்க. "நல்லாத்தான் இருக்கு கண்ணு, மெத்தை மாதிரி"ன்னாங்க. எந்திரிக்கச் சொன்னோம். ரெண்டு கையாலும் முன் சீட்டைப் பிடிச்சாங்க. முடியலை. வழக்கம்போல என் வீட்டுக்காரம்மா ஓடிப்போய் ரெண்டு அக்குளுக்கும் கீழே கை கொடுத்து, முட்டியைக் கதவுப் படியில் ஊனித் தூக்கி நிறுத்தினாங்க. அடுத்து எஸ்-கிராஸ். சீட்டு இடுப்பு உயரத்தில் இருந்தது. அம்மா பக்கவாட்டில் சாய்ஞ்சு உக்காந்து, காலை உள்ளே எடுத்து வச்சுக்கிட்டாங்க. இறங்கும்போது காலை வெளியே வச்சு, கதவைப் பிடிச்சு, தானா நின்னாங்க. யாரும் தொடலை.

சியாஸ் கூரை உயரம் ஏறக்குறைய 1485 மில்லிமீட்டர். எஸ்-கிராஸ் 1595. பதினொரு சென்டிமீட்டர் அதிகம். அடியில் அதிகமா இருக்கிறது ஒரு சென்டிமீட்டர்தான். மிச்சப் பத்தும் ஆள் உக்காருற இடத்துக்குப் போயிருக்கு. நாங்க ரெண்டு மாசமா கல்லு தட்டுமா, வாய்க்கால் தட்டுமான்னே பேசிட்டிருந்தோம். இந்த வண்டியில் உசரம் ரோட்டுக்காக இல்லை, உள்ளே உக்காருறவங்களுக்காகத்தான் இருக்கு.

வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அம்மா வீட்டுக்குள்ள போனப்புறம் சொன்னாங்க: "ஏங்க, ஆஸ்பத்திரி வாசலில் அத்தையைத் தூக்கறது யாரு?"

நான்தான் வண்டி ஓட்டுவேன். அங்கே நிறுத்த இடம் தேடி நான் சுத்திக்கிட்டிருப்பேன். தூக்கறது அவங்கதான். ஒரு நாளைக்குப் போக ரெண்டு தடவை, வர ரெண்டு தடவை, நடுவில் ஸ்கேன் சென்டர்னா இன்னும் ரெண்டு. கொழுந்து பறிச்சு ஏற்கனவே தேய்ஞ்ச இடுப்பு அது. "எனக்கு டிக்கி வச்ச கார்தான் ஆசை. ஆனா என் இடுப்பு இந்த உசந்த வண்டியைக் கேக்குது"ன்னு சிரிச்சாங்க. சிரிச்சதை வச்சு அந்த ஆசை போயிடுச்சுன்னு எடுத்துக்க முடியாது. அவங்க விட்டுக்கொடுத்தாங்க, அவ்வளவுதான். குடும்ப கார் வாங்கும்போது ஓட்டுறவன் சொல்றதைத்தான் எல்லாரும் கேக்குறோம். பின் சீட்டில் ஆளை ஏத்தி இறக்குறவங்களைக் கேக்குறதே இல்லை. எங்க வீட்டில் அந்த ஒரு கேள்வியில் முடிவு வந்துடுச்சு.

எஸ்-கிராஸ்னு முடிவானதும் எந்த ஊர் வண்டின்னு அடுத்த குழப்பம். 2024 மே 7ல் இருந்து நீலகிரிக்கு வர்ற வெளி வண்டிக்கு இ-பாஸ் வேணும், டி.என். 43 நம்பருக்கு வேண்டாம். செக்போஸ்ட்டில் அம்மாவை வச்சுக்கிட்டு நின்னு விளக்கம் சொல்லாம வரணும்னா டி.என். 43 வண்டிதான் நல்லதுன்னு தேடினோம். ஆனா நம்ம மலை வண்டின்னா அதன் வாழ்க்கை முழுக்க முதல் கியர், ரெண்டாவது கியர். கிலோமீட்டர் கம்மியா காட்டும், கிளட்ச் தேஞ்சிருக்கும். பிளெயின்ஸ் வண்டின்னா கிலோமீட்டர் அதிகம், கிளட்ச் நல்லா இருக்கும். மெக்கானிக் அண்ணன், "எம்பத்தஞ்சாயிரம் ஓடின டி.என். 43 எடுங்க, கிளட்ச்சுக்குத் தனியா பணம் ஒதுக்கி வச்சு விலை பேசுங்க"ன்னார். அப்படியே செஞ்சோம். 2017 மாடல், குன்னூர் ஆளோட வண்டி. கிளட்ச் மாத்தியாச்சு. எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்துக்கு ஒரு பத்தாயிரம் மிச்சம்.

பார்க்கப் போறவங்களுக்கு நாங்க கத்துக்கிட்டதைச் சொல்றேன். ஷோரூம் வாசல் சமதளம், அங்கே எந்த வண்டியும் நல்லாத்தான் இருக்கும். முடிஞ்சா உங்க வீட்டு இறக்கத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. முடியலைன்னா வீட்டு வாசல் மேட்டை அளந்து எழுதிக்கிட்டுப் போங்க. புத்தகத்தில் போட்ட உயரத்தைவிட, சக்கரத்துக்கு வெளியே மூக்கும் வாலும் எவ்வளவு நீட்டியிருக்குன்னு கழிச்சுப் பாருங்க. ஆள் ஏத்திக்கிட்டுத்தான் ஓட்டிப் பாருங்க, தனியா ஓட்டினா ஒண்ணும் தெரியாது. கொண்டை ஊசியில் முதல் கியரில் கிளட்ச் நழுவுதான்னு பாருங்க. இறங்கும்போது ரெண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கணும், பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது. வீட்டில் இளவட்டம் மட்டும்தான், ரோடு வாசல் வரைக்கும் தார்னா, கோவைக்கு அடிக்கடி போறவங்கன்னா செடானை யாரும் கேலி பண்ண வேண்டாம். அதே காசுக்கு பெரிய டிக்கி, அமைதியான பயணம், வளைவில் நிதானம். முட்டி வலிக்காரங்க வீட்டில் இருந்தா உசந்த வண்டி.

இப்போ வண்டி வந்து மூணு வாரம் ஆச்சு. அம்மாவை ஒரு தடவை கெத்தை வழியா கூட்டிட்டுப் போய் வந்தோம். பின்கதவு பெருசா இருக்கே, ஒரே ஒரு வேப்பம்புண்ணாக்கு மூட்டை மட்டும்னு போன வாரம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். சாவி இப்போ அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு, எடுக்கிற உரிமை எனக்கு இல்லை. பின் சீட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய ஜமக்காளம் விரிச்சு, அதுக்கு மேல அவங்க கல்யாணத்துக்குப் போற பை மட்டும்தான் வைக்கணும்னு உத்தரவு. நியாயம்தானே? மூட்டைக்கு ஆம்னி இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுக்கு அப்புறம் என்ன செய்றதுன்னு அப்போ எழுதுறேன். அடுத்த முறை கவாத்துக்கு வரலாம், மழை விடணும்.